கலைச்செல்வியின் இரண்டு கைகள்

தோல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். காலையில் ஓ.பி. கதவைத் திறக்கும்போது வெளியே வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் எங்கேயாவது சொறிந்துகொண்டுதான் நிற்பார்கள். கழுத்து, முழங்கை, இடுப்பு, கணுக்கால். எத்தனை நாளாக என்று கேட்டால் "ரொம்ப நாளா" என்பார்கள். இதுவரை என்ன போட்டீர்கள் என்றால் கைப்பையைத் திறந்து நாலு டியூபை மேஜைமேல் வைப்பார்கள். நாலும் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியவை.

பகல் ஒரு மணிக்குள் எண்பது பேரைப் பார்த்தாக வேண்டும். பார்க்கத்தான் நேரம் இருக்கும், கேட்க நேரம் இருக்காது. எனக்கு முப்பது வருஷம் அப்படித்தான் ஓடியது. நான் சரியாகக் கண்டுபிடித்த கதைகளும் சில இருக்கின்றன. அவற்றைச் சொல்லி உங்களுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. ஒரு பெண்ணிடம் நான் தப்பு செய்ததை, அதுவும் ஒரு தடவை இல்லை, வரிசையாக மூன்று தடவை செய்ததை இன்றைக்குச் சொல்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருஷம் முன்பு நடந்தது இது. ஆம்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் கலைச்செல்வி. வயது முப்பத்துநாலு. நாட்றம்பள்ளி பக்கத்துக் கிராமம். விடிகாலையில் கம்பெனி வேன் ஏறி ஆம்பூருக்கு வெளியே இருக்கிற ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவள். புருஷன் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். இரண்டு பெண் பிள்ளைகள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முதல் நாள் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய வலது புறங்கை மட்டும்தான்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கையில், கருத்துப்போய்ச் சொரசொரவென்று ஒரு திட்டு. ஓரம் லேசாக மேடாக இருந்தது. சொறிந்த கீறல்கள்.

"அரிக்குதா?"

"பேஜாரா அரிக்குது மேடம். வேலையே ஓட மாட்டேங்குது. மெடிக்கல்ல ஒரு டியூப் குடுத்தாங்க. போட்டா நல்லா இருக்குது. உட்டா ஜாஸ்தியாகுது."

அந்த டியூபை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்து விற்பது. எந்தத் தோல் நோயாக இருந்தாலும் அது முகத்தை மாற்றிவிடும். ஓரம் தேயும், நடுப்பகுதி மெலிந்துபோகும், படர்தாமரை கரப்பான் மாதிரி தெரியும், கரப்பான் படர்தாமரை மாதிரி தெரியும். அதை ஒருவர் மூன்று மாதம் போட்டுவிட்டு வந்தால், கண்ணால் பார்த்து மட்டும் எதையும் முடிவு பண்ணக் கூடாது. இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் படர்தாமரைதான். கைப்பழக்கத்தில் ஓ.பி. சீட்டில் படர்தாமரை என்று எழுதினேன். மாத்திரை, களிம்பு, நாலு வாரம். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

எங்கள் லேபில் ஒரு டெக்னீஷியன் அம்மா இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தால் வாயில் தயவு தாட்சண்யம் இருக்காது. டாக்டர்களிடம் ஒரே ஒரு சண்டைதான் அவருக்கு. "செதில் சுரண்டி எங்கிட்ட அனுப்புங்க, அப்பறமா படைன்னு எழுதுங்க. அஞ்சு நிமிஷ வேலை. நீங்க எழுதிட்டு அனுப்பினா நான் எதுக்கு இங்க?" கலைச்செல்வியின் செதில் அன்றைக்கு அவரிடம் போகவில்லை. அனுப்பாதது நான். இதுதான் முதல் தப்பு.

மூன்று வாரம் கழித்து வந்தாள். திட்டு பெரிதாகியிருந்தது. விரல் நுனிகளில் வெடிப்பு. அப்போதுதான் கேட்டேன்.

"நீ கம்பெனியில என்ன வேலை பண்றே?"

"பேஸ்டிங் மேடம். ஷூவுக்கு மேல்தோல் இருக்குல்ல, அந்தப் பீஸுக்கெல்லாம் கம் தடவி ஒட்டணும். பிரஷ்ஷு இருக்குது. ஆனா ஓரம் வழிஞ்சா விரலாலதான் தேய்க்கணும். அப்பதான் டார்கெட் முடியும்."

கம் என்றால் ஷூ பசை. பல ஊர்களில் இது அபூர்வம். இந்தப் பாலாற்றங்கரையில் அபூர்வமே இல்லை. தோல் பதனிடுகிற இடத்தில் குரோமியம், ஷூ ஒட்டுகிற இடத்தில் பசை, சாயம் போடுகிற இடத்தில் வேறொன்று. வருஷக்கணக்காகத் தொட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று உடம்பு அதை எதிரியாகப் பார்க்க ஆரம்பிக்கும். "பத்து வருஷமா இதே வேலைதானே பண்றேன், இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்பார்கள். ஒவ்வாமை அப்படித்தான். இத்தனை நாள் ஒத்துக்கொண்டது என்பது நாளைக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதற்குச் சாட்சி இல்லை.

ஆக, காரணம் பிடிபட்டுவிட்டது என்று எனக்கு ஒரே திருப்தி. ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்து, "ரப்பர் கையுறை வாங்கிப் போட்டுக்கிட்டு வேலை செய். பசை கையில படக் கூடாது" என்றேன். பழைய சீட்டில் எழுதியிருந்த படர்தாமரையை அடிக்கவில்லை. அது என் நினைவிலேயே இல்லை. அவள் தன் சொந்தக் காசில் பஜாரில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது தடவை வந்தபோது இரண்டு கையிலும் வந்திருந்தது. மணிக்கட்டு வரைக்கும் சிவந்து, நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். மணிக்கட்டில் வளையல் போட்ட மாதிரி ஒரு கோடு. அதற்கு மேலே சுத்தமான தோல். இப்போது சொல்லும்போது உங்களுக்கே புரிகிறது இல்லையா? எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது.

"மேடம், அந்த கிளவுஸ் போட்டா ஜாஸ்தி அரிக்குது."

"வேர்வையா இருக்கும்மா. உள்ள புழுங்கும். பழகிடும். கழட்டிடாதே."

"இல்ல மேடம், போட்ட கொஞ்ச நேரத்துல..."

"சொன்னதைக் கேளு. கழட்டினா பசை படும், மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நம்மிடம் வருகிறவர்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். ஒத்துக்கொண்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பேசி முடியாது என்று அவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள் என்பதுதான் பல தடவை அதற்கு அர்த்தம்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை ஓ.பி. எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வரிசையை ஒதுக்கிக்கொண்டு ஓர் இளைஞர் உள்ளே வந்தார். கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு. பின்னால் கலைச்செல்வி, இரண்டு கையையும் புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டு.

"மேடம், நான் கம்பெனி எச்.ஆர். டிபார்ட்மெண்ட். ஒரு லெட்டர் வேணும், இன்னைக்கே வேணும்."

மரியாதையாகத்தான் பேசினார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னது இது. லைனில் இவளோடு வேலை செய்கிற பெண்கள் இவள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்கிறார்கள். தண்ணீர் கேனில் இவள் டம்ளர் பிடித்தால் மற்றவர்கள் குடிப்பதில்லை. இரண்டு பேர் எழுத்திலேயே புகார் கொடுத்துவிட்டார்கள். குஷ்டம் என்று பேச்சு. வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பார்ட்டி கம்பெனியைப் பார்க்க வருகிறது. அதற்குள் ஒரு முடிவு வேண்டும்.

"ஒட்டிக்கிற வியாதின்னா லீவுல அனுப்பிடறோம், சரியானப்புறம் வரட்டும். இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"ஒட்டிக்கிற வியாதின்னு யார் சொன்னா?"

அவர் கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "நீங்கதான் மேடம் எழுதியிருக்கீங்க."

என் எழுத்து. என் கையெழுத்து. படர்தாமரை.

அறையில் என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. கலைச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் காகிதத்தை அவளாகத்தான் கம்பெனியில் காட்டியிருக்கிறாள், குஷ்டம் இல்லை என்று நிரூபிக்க. அதை வைத்தே அவளை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய முதல் யோசனையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு வாரம் ஓய்வு தேவை என்று எழுதிக் கொடுத்துவிடலாம். நோய் என்ன என்று எழுத வேண்டியதில்லை. என் தப்பு வெளியே வராது. எச்.ஆர். போய்விடுவார். கைக்கும் ஓய்வு கிடைக்கும். பேனாவை எடுத்தும்விட்டேன்.

"நாலு வாரம் ரெஸ்ட் எழுதறேன். கையும் ஆறிடும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது ரெஸ்ட் இல்ல மேடம்" என்றாள். குரல் உயரவில்லை. "என் எடத்துல வேற ஆள போட்டுடுவாங்க. குஷ்டம்னு போனவ குஷ்டம்னுதான் இருப்பேன். எங்க ஊர்ல இருந்து அதே வேன்ல பத்து பேர் வர்றாங்க."

பேனாவைக் கீழே வைத்தேன்.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெருக்கடி என்றால் ரத்தமும் ஆக்ஸிஜனும்தான் என்று நினைக்காதீர்கள். நம்முடைய பிரிவில் யாரும் மேஜைமேல் சாகமாட்டார்கள். நம் நெருக்கடி ஒரு காகிதத்தில் எந்த வார்த்தை எழுதுவது என்பதாகத்தான் வரும். எதிரே ஒருவர் அவசரப்படுத்துவார், வெளியே வரிசை சத்தம் போடும். அப்போது எந்தப் பதில் எல்லாருக்கும் சௌகரியமோ, அதன்மேல் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது நோயாளி ஒருத்தரைத் தவிர மற்ற எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கும்.

எச்.ஆர். தம்பியை வெளியே உட்காரச் சொன்னேன். "அரைமணி நேரம் ஆகும். லெட்டர் இன்னைக்கே தர்றேன், ஆனா பாத்துட்டுத்தான் தருவேன்." வரிசையில் இருந்தவர்களைப் பக்கத்து அறை டாக்டரிடம் அனுப்பினேன். அவர் என்னை முறைத்தது கதவு வழியே தெரிந்தது. கதவைச் சாத்தினேன்.

"கையைக் காட்டு."

தலைப்பை விலக்கினாள். இரண்டு கையையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வலது கை முன்பைவிட மோசம், வெடித்து நீர் கசிந்தது. இடது கை ஏறக்குறைய ஆறியிருந்தது. கொப்புளம் வற்றி, தோல் உரிந்து, உள்ளே புதுத்தோல் தெரிந்தது.

"இது எப்படி?"

தயங்கினாள். "கோச்சுக்காதீங்க மேடம்."

"சொல்லு."

"நீங்க கழட்டாதன்னு சொன்னீங்க. நான் ஒரு கையில மட்டும் கழட்டிட்டேன். கிளவுஸாலதான்னு எனக்குத் தோணுச்சு. ரெண்டு கையிலயும் கழட்டிட்டா, நீங்க சொன்னபடி பசையாலயா கிளவுஸாலயான்னு தெரியாதில்ல? அதான் லெஃப்ட்ல மட்டும் கழட்டி, அந்தக் கையால பசைய தொடாம பீஸ மட்டும் புடிச்சிகிட்டு, ரைட்ல கிளவுஸோடவே வேலை செஞ்சேன். பத்து நாள் பாத்தேன். இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்னு."

பத்தாவது வரைக்கும் படித்த பெண். ஒரு கையை மாற்றி, மறு கையை மாற்றாமல் விட்டு, பத்து நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு, எனக்குப் பதில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தாள். மூன்று தடவை அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

"இத ஏன்மா முன்னாடியே சொல்லல?"

கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சொல்லியிருந்தாள். நான்தான் வேர்வை என்றேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை, சும்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குற்றச்சாட்டு இல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கதவைத் திறந்து லேப் அம்மாவைக் கூப்பிட்டேன். பிளேடால் செதில் எடுத்தார், கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கரைசல் விட்டு ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பூஞ்சை இல்லை.

"அப்ப இல்லன்னு எழுதிடலாமா?" என்று கேட்டேன்.

"இப்ப இல்ல டாக்டர். மொத நாள் இருந்துச்சா இல்லையான்னு இப்ப எப்படித் தெரியும்? மாத்திரை வேற சாப்பிட்டிருக்காங்க. அன்னைக்கே அனுப்பியிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். நோயாளி எதிரேயே சொன்னார். சொல்லட்டும், உண்மைதானே.

அப்புறம் பஞ்சைத் திரித்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, திட்டின்மேல் அங்கங்கே தொட்டேன். தொட்ட ஒவ்வோர் இடத்தையும் தவறாமல் விரலால் காட்டினாள். தொழுநோயில் தடித்துப்போகிற முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தேன், தடிப்பில்லை. உடம்பில் வேறெங்கும் நிறம் வெளுத்த திட்டு இல்லை. தொழுநோய்த் திட்டு பெரும்பாலும் அரிக்காது. அங்கே உணர்ச்சிதான் குறைந்திருக்கும். இவளுக்கு அரிப்பு உயிர் போகிறது, உணர்ச்சி முழுசாக இருக்கிறது. ஒருவேளை தொழுநோயாகவே இருந்தாலும் மருந்து சாப்பிட ஆரம்பித்தவரை யாரும் விலக்கி வைக்க வேண்டியதில்லை. இதையும் நாம்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பேனாவைத் தொடும் முன்பு அவளிடம் கேட்டேன். "உனக்கு இன்னா வேணும், கலை?"

அவளிடம் யாரும் இதுவரை கேட்காத கேள்வி போல யோசித்தாள். "வேலையும் வேணும் மேடம். கையும் வேணும்."

எச்.ஆர். தம்பியை உள்ளே கூப்பிட்டேன். முதல் வேலையாகப் பழைய சீட்டை எடுத்து, படர்தாமரை என்ற சொல்லை அவர் கண்ணெதிரே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"இது நான் சரியா பாக்காம எழுதினது. தப்பு என்னோடது, இவங்களோடது இல்ல. இது யாருக்கும் ஒட்டாது. குஷ்டமும் இல்ல, சோதிச்சுட்டேன். பசையும் ரப்பரும் இவங்க தோலுக்கு ஒத்துக்கலன்னு சந்தேகப்படறேன். வேலூருக்கு டெஸ்டுக்கு அனுப்பறேன்."

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "மேடம், வேலையாலதான் வந்ததுன்னு மட்டும் எழுதிடாதீங்க. வியாழக்கிழமை வர்றவங்க இந்த மாதிரி பேப்பரைத்தான் மொதல்ல கேப்பாங்க. அப்பறம் மேல இருக்கறவங்க இவங்கள வெச்சிருக்கவே மாட்டாங்க. எனக்கும் வேலை போய்டும்."

இது இரண்டாவது சோதனை. உண்மையை எழுதினால் அவள் வேலைக்கு ஆபத்து. எழுதாமல் விட்டால் நாளைக்கே அவளை மறுபடி பசை மேஜையில் உட்கார வைப்பார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு காகிதம் எழுதினேன். அவளுடைய மருத்துவச் சீட்டில் நான் நினைத்ததை முழுசாக, பசை, ரப்பர், கேள்விக்குறியோடு எழுதினேன். அது அவளுடையது, அவள் யாருக்குக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி. கம்பெனிக்கான கடிதத்தில் மூன்று வரி: இவருக்கு இருப்பது பிறருக்குத் தொற்றாது. இவர் வேலைக்கு வரலாம். ஒட்டுப்பசை, ரப்பர் கையுறை இரண்டையும் மறு உத்தரவு வரை தொடக் கூடாது. இரண்டிலும் பொய் ஒரு வரி இல்லை. எதை யாருக்குச் சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவளைக் கேட்டேன்: "இது போதுமா?" படித்துப் பார்த்தாள். "மொத வரியை கொஞ்சம் பெரிசா எழுதுங்க மேடம்" என்றாள். பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஒட்டுச் சோதனை செய்தார்கள். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாகப் பல பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் குளிக்காமல் வைத்திருந்து, எடுத்துப் பார்த்து, மறுபடியும் இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். எந்த வில்லை இருந்த இடம் சிவந்து தடிக்கிறதோ அதுதான் ஆகாத பொருள். அவளுக்கு இரண்டு இடம் தடித்தது. ஒன்று பசையில் இருக்கிற பிசின். இன்னொன்று ரப்பர் தயாரிக்கச் சேர்க்கிற ரசாயனம். பசையால் வந்த நோய்க்கு நான் ரப்பரை மருந்தாகக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வைத்தியம் பெரிய வித்தையெல்லாம் இல்லை. கொஞ்ச நாள் களிம்பு, அளவாக, படிப்படியாகக் குறைத்து. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வாசலின். சோப்பை மாற்றினோம். வீட்டில் பாத்திரம் தேய்க்கப் பருத்திக் கையுறை, அதன்மேல் பிளாஸ்டிக் கையுறை. மருந்தைவிட முக்கியமானது, ஆகாததைத் தொடாமல் இருப்பது. கம்பெனியில் முதலில் அவளை ஒரு மூலையில் தனியாக உட்கார வைத்து நூல் வெட்டச் சொன்னார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. "ஜெயில்ல இருக்கற மாதிரி கீது மேடம்" என்றாள். கடிதத்தின் நகலை அவளே நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எச்.ஆர். தம்பி மறுக்கவில்லை, ஒட்டினார். ஒட்டினதோடு நிற்காமல் ஒரு நாள் மதியம் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாராம். அவரைப் பற்றி நான் நினைத்ததை அன்றைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஒரேயடியாக ஆறிவிடவும் இல்லை. இரண்டு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு ஷிப்மெண்ட் அவசரம் என்று மூன்று நாள் பசை மேஜையில் உட்கார்த்திவிட்டார்கள், மறுபடி வெடித்தது. அழுதுகொண்டு வந்தாள். "என் தப்புதான் மேடம், முடியாதுன்னு சொல்லியிருக்கணும்." அவள் தப்பு இல்லை என்று சொல்லத்தான் எனக்கு அன்றைக்கு அதிக நேரம் பிடித்தது. திரும்ப வருகிற நோயாளியை மருந்து சரியாகப் போடாதவர் என்று திட்டாதீர்கள். அவர் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அதற்குப் பிறகு தயாரான ஷூவைச் சரிபார்க்கிற செக்கிங் மேஜைக்கு அவளை நிரந்தரமாக மாற்றினார்கள். கை முழுசாக ஆறியது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் என் அறை வாசலில் கலைச்செல்வி. கூட இன்னொரு பெண், நாற்பது வயது இருக்கும். சுரிதார் துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றியிருந்தாள். உள்ளே வர மாட்டேன் என்று நின்றவளைக் கலைச்செல்வி தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், இவங்க எங்க லைன். நாலஞ்சு மாசமா மறைச்சு மறைச்சு வர்றாங்க. கழுத்த தொடறதும் துப்பட்டாவ இழுக்கறதுமா இருந்தாங்க. நான் அப்படித்தான மறைச்சேன், எனக்குத் தெரியாதா? வேன்ல வர்றப்ப புடிச்சு கேட்டேன்."

அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. கலைச்செல்வி சாதாரணமாகச் சொன்னாள்: "என்னப் பத்தி கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுத்தாங்கல்ல, அதுல ஒருத்தங்க."

அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பயத்துல பண்ணிட்டேன் மேடம். எனக்கு வீட்ல சின்னப் புள்ளைங்க."

"அத உடுங்க, இப்ப கழுத்த காட்டுங்க" என்றாள் கலைச்செல்வி. அப்புறம் என் பக்கம் திரும்பி, "மேடம், இவங்க சொல்றத முழுசா கேட்டுட்டு எழுதுங்க" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை அந்தப் பெண் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டேன். கால்மணி நேரம் பேசினாள். எப்போது ஆரம்பித்தது, எந்த டியூப் போட்டாள், வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்றெல்லாம். கடைசிக் கேள்விக்கு, புருஷனுக்கு இடுப்பில் இருக்கிறது, அவரும் யாரிடமும் காட்டவில்லை என்றாள். செதில் சுரண்டி லேபுக்கு அனுப்பினேன். லேப் அம்மா தானே எழுந்து வந்தார்.

"இது படைதான் டாக்டர். நல்லா தெரியுது."

படர்தாமரை. இந்தத் தடவை நிச்சயமாக. உடம்போடு உடம்பு பட்டால், துண்டும் துணியும் மாற்றிப் போட்டால் பரவுகிற வியாதி. புருஷனுக்கும் சேர்த்து மருந்து எழுதினேன், வீட்டில் எல்லாருக்கும் தனித்தனித் துண்டு, துணியைக் கொதிக்கிற தண்ணீரில் துவைத்து வெயிலில் காயவைப்பது, அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரைக்கும் மருந்தை நிறுத்தாமல் இருப்பது, எல்லாம் சொன்னேன்.

அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டாள். "அப்ப எனக்கு இருக்கறது ஒட்டிக்குமா மேடம்? நான் வேலைக்குப் போகக் கூடாதா?"

"துணியால மூடிக்கிட்டுப் போகலாம். பக்கத்துல உக்காந்தா ஒட்டாது. துண்டு, துப்பட்டா மட்டும் யாரோடும் மாத்திக்காதீங்க."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "பக்கத்துல உக்கார மாட்டாங்களே" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

கலைச்செல்வி மருந்துச் சீட்டை எடுத்து மடித்து அவள் கையில் வைத்தாள்.

"நான் உக்கார்றேன். வாங்க, வேன் போய்டும்."